விசாவுக்காக எடுத்த எக்ஸ்ரே

நியூசிலாந்துக்குப் போக விண்ணப்பித்ததால்தான் எனக்குக் காசநோய் இருப்பது தெரிந்தது. சும்மா இருந்திருந்தால் இன்னும் ஓர் ஆண்டு ஃபிஜித் தீவின் நவுசோரி தபால் ஆபீஸ் கவுண்டரில் இருமிக்கொண்டே உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் தபால்தலையோடு நோயையும் சேர்த்துக் கொடுத்திருப்பேன். இதை இப்போது சிரித்துக்கொண்டே எழுத முடிகிறது. அன்று முடியவில்லை.

அந்த ஆண்டு, இரண்டாயிரத்தில், மே மாதம் தலைநகர் சுவாவில், எங்கள் இந்திய வம்சத்தவர் ஒருவர் பிரதமரானதைப் பொறுக்காத சில ஃபிஜியர்கள் துப்பாக்கியோடு பாராளுமன்றத்துக்குள் புகுந்து அரசாங்கத்தைப் பிடித்துவைத்தார்கள். கடைகளைச் சூறையாடினார்கள், ஊரடங்கு வந்தது. அதன் பிறகு என் கவுண்டருக்கு வந்தவர்களில் பாதிப்பேர் கனத்த பழுப்பு உறையோடுதான் வந்தார்கள். ஆஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்து. ரிஜிஸ்டர் தபாலுக்கு முத்திரை குத்திக் குத்தி என் தோள்பட்டை வலித்தது. ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டு உறைக்கும் நானே முத்திரை குத்தினேன்.

ஆக்லாந்தில் இருக்கும் என் நாத்தனார் ஸ்டெல்லா எல்லா ஏற்பாடும் செய்திருந்தாள். என் வீட்டுக்காரர் தேவராஜ் பஸ் ஒர்க்ஷாப்பில் மெக்கானிக். அங்கே ஒரு கராஜில் அவருக்கு வேலை காத்திருந்தது. எங்கள் மகள் ரூபிக்குப் பதினைந்து வயது. அவள் அதற்குள் மூக்கால் ஆங்கிலம் பேசிப் பழக ஆரம்பித்துவிட்டாள்.

மெடிக்கல் மட்டும்தான் பாக்கி. அது ஒரு சடங்கு என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அதனால் எங்கள் சபையார் வழியனுப்புக் கூட்டத்தை முன்கூட்டியே வைத்துவிட்டார்கள். காத்திருக்கவும் முடியாது, ஏனென்றால் எங்கள் போதகரே அடுத்த மாதம் பிரிஸ்பேனுக்குப் போவதாக இருந்தார். மாலை போட்டார்கள், கேக் வெட்டினார்கள், பாட்டுப் பாடும்போது பாதிப்பேர் அழுதார்கள். நானும் அழுதேன், நடுநடுவே இருமினேன். தொண்டை அடைத்துக்கொண்டது என்று நினைத்திருப்பார்கள்.

சுவாவில் எக்ஸ்ரே எடுத்த நான்காம் நாள் டாக்டர் திரும்ப வரச் சொன்னார். படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டி, வலது நுரையீரலின் மேல் பகுதியைப் பேனாவால் சுற்றிக் காட்டினார். பஞ்சைப் பிய்த்து ஒட்டியது போல ஒரு வெள்ளைத் திட்டு.

"எத்தன நாளா இருமல்?"

"நாலஞ்சு மாசமா, டாக்டர். தபால் பை தூசி."

"தூசி இப்பிடி உக்காராதும்மா. ராத்திரில வேர்க்குதா? எட கொறஞ்சிருக்கா?"

இரண்டுக்கும் ஆமாம் என்றேன். வேர்வையை ஊரடங்கு பயத்தின் கணக்கிலும், இளைத்ததை என் கெட்டிக்காரத்தனத்தின் கணக்கிலும் எழுதி வைத்திருந்தேன்.

பிறகு சளிப் பரிசோதனை. மூன்று நாள் காலை, வாய் கொப்பளிக்காமல், அடி நெஞ்சிலிருந்து இருமி எடுத்த சளியை ஒரு சின்ன டப்பாவில் பிடித்துக் கொடுக்கவேண்டும். அதைக் கண்ணாடியில் தடவி, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். கிருமி கண்ணில் பட்டால் அடுத்தவர்களுக்குப் பரவும் நிலை என்று அர்த்தம். என் டப்பா மூன்றிலும் கிருமி இருந்தது. மருத்துவமனையில் சேரவேண்டும், மொத்தம் ஆறு மாதம் மாத்திரை சாப்பிடவேண்டும், அதன் பிறகு புது எக்ஸ்ரே எடுத்தால்தான் விசாவைப் பற்றிப் பேசவே முடியும்.

சுவா பஸ் ஸ்டாண்டில் தேவராஜ் காகிதப் பொட்டலத்தில் வேகவைத்த பட்டாணி வாங்கி வந்தார். நான் தொடவில்லை.

"சபைல எப்பிடி மூஞ்சியக் காட்டறது? மால போட்டு அனுப்பிட்டாங்களே," என்றேன்.

"வெட்டின கேக்கத் திருப்பிக் கேக்க மாட்டாங்க. மொதல்ல இத சாப்டு," என்றார்.

அவருக்கும் ரூபிக்கும் எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது. அந்த ஒரு நன்றி ஜெபத்தை மட்டும் முழு மனதோடு செய்தேன். அதற்குப் பிறகு ஆண்டவரோடு பல நாள் பேச்சுவார்த்தை இல்லை.

சுவாவுக்கு மேலே ஒரு குன்றின்மேல் இருந்தது மருத்துவமனை. பெண்கள் வார்டில் எட்டுக் கட்டில்கள். ஜன்னல்களை எப்போதும் திறந்தே வைப்பார்கள், காற்றோட்டம்தான் முதல் மருந்து என்பார்கள். சுவாவில் மழை எப்போதும் உண்டு என்பதால் எங்கள் போர்வைகள் எப்போதும் கொஞ்சம் ஈரமாகவே இருக்கும்.

முதல் இரண்டு மாதம் நான்கு விதமான மருந்து. ஒன்றில் மூட்டு வலிக்கும். இன்னொன்று கண்ணைப் பாதிக்கலாம் என்று, சிவப்பும் பச்சையும் தெரிகிறதா என மாதம் ஒருமுறை ஒரு புத்தகத்தைக் காட்டிக் கேட்பார்கள். மூன்றாவது மருந்தைப் பற்றி எனக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும், என் காதில் விழவில்லை. இரண்டாம் நாள் காலை கழிப்பறையிலிருந்து அலறிக்கொண்டு வெளியே ஓடி வந்தேன். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனது. ரத்தம் என்று நினைத்துவிட்டேன்.

எதிர்க் கட்டிலில் இருந்த பெரிய உடம்புக்காரி வயிறு குலுங்கச் சிரித்தாள். "எல்லாருக்கும் அப்பிடித்தான். அழுதாலும் ஆரஞ்சுதான் வரும். வெள்ளத் தலகாணில அழாத, சிஸ்டர் திட்டுவாங்க."

அவள் பெயர் மெரே. கண்டாவு தீவைச் சேர்ந்த ஃபிஜியப் பெண், வயது ஐம்பது இருக்கும். சுவா மார்க்கெட்டில் பல ஆண்டு கிழங்கு விற்றவள், அதனால் ஃபிஜி இந்தியர்கள் எல்லோருக்கும் பொதுவான ஹிந்தியை எங்களைவிட வேகமாகப் பேசுவாள். அவள் பேசியதைத் தமிழாக்கித்தான் இங்கே எழுதுகிறேன். எஸ்தர் என்ற என் பெயரை அவர்கள் வழக்கப்படி 'எசெத்தேரி' என்றுதான் கூப்பிடுவாள்.

தினமும் சாயங்காலம் மெரே கட்டிலில் உட்கார்ந்தபடியே பாட்டு எடுப்பாள். நுரையீரலில் ஓட்டை விழுந்தவள் பாடுகிற பாட்டா என்று சந்தேகம் வரும், அப்படி ஒரு குரல். மற்ற ஃபிஜியப் பெண்கள் சேர்ந்துகொள்வார்கள். பாடி முடித்து எல்லோருக்காகவும் ஜெபிப்பாள். எனக்குத் தெரிந்த அதே ராகங்கள்தான். ஆனாலும் நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன்.

ஒரு வாரம் பொறுத்தவள் நேராகவே கேட்டாள். "நீயும் சபைக்காரிதானே. ஏன் சேர மாட்டேங்கற?"

"துப்பாக்கிக்காரங்களுக்கு ஆதரவா பாராளுமன்றத்து வாசல்ல உக்காந்திருந்தவங்களும் இந்தப் பாட்டுதான் பாடினாங்கன்னு கேள்விப்பட்டேன். எங்க ஜனங்க மூட்ட கட்டிக்கிட்டுப் போறாங்க. இதக் கேட்டா எனக்கு ஜெபம் வரல."

மெரே தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் அக்கா மகன் அங்க இருந்தான். நான்தான் டாலோ கெழங்கு அவிச்சு அனுப்பினேன்," என்றாள். "பசிக்குமேன்னு அனுப்பினேன். அங்க என்னடா பண்றேன்னு கேக்கல. கேட்டிருக்கணும்."

அவள் சண்டை போட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அன்றிலிருந்து சுவர்ப்பக்கம் திரும்புவதை நிறுத்தினேன். பாடவில்லை, மல்லாந்து படுத்துக் கேட்டேன்.

என் பக்கத்துக் கட்டிலில் கமலா. இருபத்திரண்டு வயது. தீவின் மறுகோடியில் பா என்ற ஊரில் கரும்பு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். அவள் முன்னோரும் மதராஸிலிருந்து வந்தவர்கள்தான், ஆனால் அவளுக்குத் தெரிந்த தமிழ் 'தண்ணி', 'சாமி' இரண்டே. ரேவா ஆற்றின் மேல்பக்கம் ஒரு பண்ணை வீட்டில் கட்டிக்கொடுத்தார்கள். கலவர நாட்களில் அந்த வீட்டுக்குள் ஃபிஜிய ஆட்கள் புகுந்து மாடுகளையும் பாத்திரங்களையும் தூக்கிக்கொண்டு போனார்கள். புருஷனும் அவளும் கைக்குழந்தையோடு பாவுக்கு ஓடினார்கள். புருஷன் மட்டும் பண்ணையைப் பார்த்துக்கொள்ளத் திரும்பிப் போக, அவரைப் பார்க்க வந்த இடத்தில் கமலா ரத்தமாக இருமினாள். இங்கே சேர்த்துவிட்டார்கள். எட்டு மாதக் குழந்தை பாவில் அவள் அம்மாவிடம்.

ஒரு நாள் அவளுடைய பவுடர் டப்பா கீழே விழுந்து என் கட்டிலுக்கடியில் உருண்டது. எடுத்துக் கொடுக்கக் குனிந்தேன். பவுடர் டப்பா கலகலவென்று சத்தம் போடாது என்பது யாருக்கும் தெரியும். திறந்து பார்த்தேன். உள்ளே பத்து நாளைய மாத்திரைகள்.

கமலா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, சிஸ்டர்கிட்ட சொல்லாதீங்க. வயித்தப் பொரட்டுது. உடம்பு தேறிட்டுதுன்னு சொல்லி அடுத்த வாரம் பா பஸ் ஏறிடுவேன். கொழந்த என்ன மறந்துடும்." பிறகு குரலைத் தாழ்த்தி, மெரேயின் பக்கம் கண்ணைக் காட்டி, "அந்த ஆன்ட்டி எதுர்ல படுக்கவே பயமா இருக்கு," என்றாள்.

பாதியில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று எங்கள் வார்டு நர்ஸ் சிஸ்டர் லோசலினி முதல் நாளே எங்களுக்குச் சொல்லியிருந்தாள். அரைகுறையாக அடிபட்ட கிருமி, மருந்தைப் பழகிக்கொள்ளும். அதன் பிறகு அந்த மருந்து கேட்காது. அந்தக் கிருமி குழந்தைக்கும் போகும்.

இதெல்லாம் தெரிந்தும் அன்று நான் டப்பாவை மூடிக் கொடுத்துவிட்டேன். நானே நோயாளி, எனக்கு எதற்கு இந்த வம்பு என்று தோன்றியது. உடம்பைத் தேற்றி, எக்ஸ்ரே எடுத்து, ஆக்லாந்து போய்ச் சேரவேண்டும். என் எண்ணம் அதில்தான் இருந்தது.

மறுநாள் ஞாயிறு. வெளியிலிருந்து வந்த ஒரு போதகர், வழியில் அடிபட்டுக் கிடந்த மனிதனையும், பார்த்தும் ஒதுங்கிப் போனவர்களையும், அவனுக்காகக் கழுதையை நிறுத்தி உதவிய அந்நியனையும் பற்றிய பைபிள் பகுதியை வாசித்தார். அவர் போன பிறகு மெரே வாழைப்பழத்தை உரித்துக்கொண்டே சொன்னாள்: "ஒதவி செஞ்ச அந்த ஆளுக்கும் எங்கயோ போற வேல இருந்திருக்கும்ல. கழுத ஏறி ஊர் சுத்தவா கெளம்பியிருப்பான்? அவன் போன காரியம் என்னாச்சுன்னு எந்தப் போதகரும் சொல்றதில்ல."

எனக்குச் சுருக்கென்றது. சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. அந்த அந்நியனுக்கு ஒரு பயணம் இருந்தது, அது அன்றைக்குக் கெட்டுப்போனது என்று நான் ஒரு தடவைகூட யோசித்ததில்லை. எனக்கு நோயை ஆண்டவர் அனுப்பினார் என்று இப்போதும் சொல்லமாட்டேன். யாரோ இருமிய காற்றில் வந்தது அது. ஆனால் என் பயணத்தின் குறுக்கே ஒருத்தி கிடக்கிறாள் என்பதும், நான் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போகிறேன் என்பதும் அந்த நிமிஷம் நன்றாகத் தெரிந்தது. சிஸ்டரிடம் சொல்லலாமா என்று கமலாவிடமே கேட்டேன். அழுதாள். நான் சொல்லத்தான் செய்தேன். மெரேயிடமும் பேசினேன், கமலாவின் பயத்தையும் மறைக்கவில்லை.

மறுநாள் காலை மெரே தன் சொந்தக்காரர்கள் கொண்டுவந்திருந்த புதுப் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, கமலாவின் கட்டிலுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். பாயை முன்னே வைத்தாள். உள்ளங்கைகளைக் குவித்து மூன்று முறை மெல்லத் தட்டினாள். மன்னிப்புக் கேட்பது அவர்கள் ஊரில் அப்படித்தான். தலையைக் குனிந்தபடி ஃபிஜிய மொழியில் நீளமாகச் சொல்லிவிட்டு ஹிந்தியில் சுருக்கமாகச் சொன்னாள்: "ஒன் வீட்டுக்கு வந்தவங்க யாருன்னு எனக்குத் தெரியாது. ஆனா அவங்களுக்கும் என்ன மாதிரி ஒரு சித்தி சோறு போட்டிருப்பா. நான் மன்னிப்புக் கேக்கறேன்."

கமலா என்னைப் பார்த்தாள், சிஸ்டரைப் பார்த்தாள். பிறகு கட்டிலிலிருந்து இறங்கினாள்.

"எந்திரிங்க ஆன்ட்டி. சிமெண்டுத் தர. நெஞ்சுல சளி கட்டிக்கும்," என்றாள்.

நெஞ்சு முழுக்க சளியோடு இருந்த எட்டுப் பேரும் சிரித்துவிட்டோம். சிஸ்டர் லோசலினி முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். அன்று முதல் நாங்கள் மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து மாத்திரை விழுங்கினோம். விழுங்கிய பிறகு வாயைத் திறந்து நாக்கைத் தூக்கி ஒருவருக்கொருவர் காட்டவேண்டும் என்பது மெரே போட்ட சட்டம்.

குழந்தை விஷயம் மிச்சம் இருந்தது. அதற்கு என்னிடமே ஒரு வழி இருந்தது என்பது தாமதமாகத்தான் உறைத்தது. பா தபால் ஆபீஸில் லலிதா என்று ஒருத்தி. பதினொரு வருஷம் போனில் பேசியிருக்கிறோம், நேரில் பார்த்ததில்லை. தேவராஜ் மூலமாக அவளுக்குச் சொல்லி அனுப்பினேன். வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கமலாவின் அம்மா குழந்தையோடு அங்கே வரவேண்டும், லலிதா எங்கள் வார்டு நம்பருக்கு அழைக்கவேண்டும். சிஸ்டர் தன் அறையில் இருந்த போனுக்குப் பத்து நிமிஷம் அனுமதி கொடுத்தாள்.

முதல் வெள்ளி, கமலா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குழந்தையின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். மறுபக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு 'டொக்' என்று ஏதோ சத்தம்.

"என்ன ஆச்சு?" என்று கமலா பதறினாள்.

"ஒண்ணுமில்ல. போனக் கடிக்கிறா. பல்லு மொளச்சிருக்கு," என்றது லலிதாவின் குரல்.

கமலா ஆரஞ்சுக் கண்ணீர் விட்டாள். மூன்று நாள் வார்டில் அந்தப் பல்லைத் தவிர வேறு பேச்சில்லை.

அதன் பிறகு எல்லோருக்கும் வெள்ளிக்கிழமை வேண்டியிருந்தது. யார் வீட்டுக்குப் பக்கத்தில் எந்தத் தபால் ஆபீஸ், அங்கே யார் நல்லவர் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. மெரேயின் தீவுக்கு ரேடியோ டெலிபோன்தான். ஒரு பக்கம் பேசி முடித்து 'ஓவர்' என்று சொன்னால்தான் மறுபக்கம் பேசமுடியும், தீவு முழுக்கக் கேட்கும்.

"பன்னி குட்டி போட்டுட்டுது, ஓவர்," என்றார் அவள் புருஷன்.

"எத்தன? ஓவர்."

"ஏழு. நீ எப்ப வருவ? ஓவர்."

மெரே சிஸ்டரைத் திரும்பிப் பார்த்தாள். "சிஸ்டரக் கேட்டுச் சொல்றேன்," என்றாள். 'ஓவர்' சொல்ல மறந்துவிட்டாள். இரண்டு பக்கமும் வெகுநேரம் காத்திருந்தார்கள்.

எந்த நாளில் நான் அவர்களோடு பாட ஆரம்பித்தேன் என்று நினைவில்லை. தமிழ் வார்த்தைகளை அவர்கள் ராகத்தில் போட்டுப் பாடினேன். இடித்தது, யாரும் கண்டுகொள்ளவில்லை.

தேவராஜ் புதனும் ஞாயிறும் வருவார். வீட்டில் சமையல் அவர் பொறுப்பு. அவர் வைத்த பருப்பில் உப்பைக் கொட்டியிருந்தார். அடுத்த தடவை சரி செய்கிறேன் என்று உப்பே போடாமல் கொண்டுவந்தார். இரண்டு தடவையும் மிச்சம் வைக்காமல் வார்டு முழுக்கச் சாப்பிட்டோம்.

ஸ்டெல்லா ஆக்லாந்திலிருந்து போன் செய்தாள். கராஜ்காரர் இன்னும் ஒரு மாதம்தான் காத்திருப்பார். அண்ணனும் ரூபியும் முதலில் வரட்டும், அண்ணி பின்னால் வரட்டும் என்றாள். நியாயமான யோசனை. தேவராஜைப் போகச் சொல்லி நானே வற்புறுத்தினேன். அவர் ஜன்னல் கொக்கியைச் சரிபார்த்தார். அடுத்த புதன்கிழமை வந்து, "அந்தாளுக்கு வேற ஆளு கெடச்சிட்டானாம்," என்றார்.

"ஐயோ, என்னாலதானே அது போச்சு," என்றேன்.

ரூபிதான் போட்டு உடைத்தாள். "மா, அப்பாவே போன் பண்ணி வேற ஆளப் பாத்துக்கச் சொன்னாரு. நான் பக்கத்துலதான் இருந்தேன்."

தேவராஜ் மகளை முறைத்தார். எனக்கு அன்று தலையணை உறை மாற்ற வேண்டியதாயிற்று.

இரண்டரை மாதத்தில் என் சளியில் கிருமி இல்லை என்றானது. கமலாவுக்கும் அதே வாரம். வீட்டுக்குப் போகலாம், மீதி மாத்திரையை வெளியே இருந்தே முடிக்கலாம். என் மாத்திரை அட்டையைக் கொடுத்தபோது சிஸ்டர் லோசலினி என் கையை விடவில்லை.

"நவுசோரிப் பக்கம் நாலு பேர் பாதில விட்டுட்டாங்க, எஸ்தர். தினம் சுவா வர முடியல. யாராவது எதுர்ல உக்காந்து விழுங்க வெச்சா முடிச்சிடுவாங்க. நீ காலைல ஆபீஸ் தெறக்கறியே."

அப்படித்தான் ஆரம்பித்தது. ஏழரை மணிக்கு, கவுண்டர் திறப்பதற்கு முன், தபால் ஆபீஸின் வெளி வராந்தாவில் ஒரு பெஞ்சு, ஒரு குடம் தண்ணீர். போஸ்ட்மாஸ்டர் முதலில் தயங்கினார். சிஸ்டர் வந்து விளக்கிய பிறகு தானே வந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். அங்கேயே நானும் என் மாத்திரையை முடித்தேன்.

புது எக்ஸ்ரேயில் திட்டு இருந்த இடத்தில் ஒரு தழும்புக் கோடு மட்டும். விசா வந்தது. ஓர் ஆண்டுக்குள் அங்கே போய் இறங்கவேண்டும்.

"எப்பக் கெளம்பலாம்?" என்றார் தேவராஜ்.

"இந்த நாலு பேரும் முடிக்கட்டுங்க," என்றேன். அவர் சரியென்று ஒர்க்ஷாப்புக்குப் போய்விட்டார்.

நால்வரில் கடைசியாக முடித்தவர் கேரியர் என்கிற சின்ன லாரி ஓட்டும் சலீம் பாய். ஆறு மாதமும் ஒருநாள் விடாமல், இந்த மாத்திரையை மனுஷனுக்குச் செய்தானா குதிரைக்குச் செய்தானா என்று கேட்டுக்கொண்டே விழுங்கியவர். அட்டையின் கடைசிக் கட்டத்தில் நான் குறி போட்டதும், "நாளைக்கு எத்தன மணிக்கு?" என்றார்.

"நாளைக்கு வர வேணாம் பாய். முடிஞ்சுபோச்சு."

அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலை ஏழரைக்கு நான் பெஞ்சை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தேன். கேரியர் வந்து நின்றது. சலீம் பாய் இறங்கி, மறுபக்கக் கதவைத் திறந்து, ஒல்லியான ஓர் ஆளைக் கையைப் பிடித்து இறக்கினார்.

"என் மச்சான். மூணு மாசமா இருமறான். சிமெண்டுத் தூசிங்கறான்," என்றார்.

அந்த ஆள் கூச்சத்தோடு என்னைப் பார்த்துத் தலையாட்டினார், உடனே வாயைப் பொத்திக்கொண்டு இருமினார்.

நான் பெஞ்சை விட்டுவிட்டு, "ராத்திரில வேர்க்குதா, பாய்?" என்று கேட்டேன்.